இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், எடுக்கும் தாய் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "என்ன டீச்சர், பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அவர் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால், விளையாடும்போது கீழே விழுந்தால், ஆதார் நகல் வேண்டுமென்றால், வங்கிக் கணக்கு எண்ணில் பிழை இருந்தால், பையன் பக்கத்தில் இருப்பவனை அடித்துவிட்டால்தான் அந்த எண்ணிலிருந்து இதுவரை அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும்வரை, "இந்த வாரம் உங்கள் மகள் யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துவிட்டாள்" என்று பள்ளி ஒருமுறைகூடச் சொல்லாத வீடுகள் உண்டு. ஆசிரியருக்கு அதைச் சொல்ல மனமில்லை என்று நான் நினைக்கவில்லை. சொல்வதற்கென்று ஒரு நாளும் ஒரு வழியும் வகுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு முறை, குறை எதுவும் இல்லாத வாரத்திலும், குறை எதுவும் இல்லாத குழந்தையின் வீட்டுக்கும் பள்ளியிலிருந்து ஒரு செய்தி போக வேண்டும். அதை எப்படிச் செய்வது, என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தனியார் பள்ளிகளில் டைரி, சர்க்குலர், செயலி என்று ஏதோ ஒன்று இருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் கிராமத்துப் பள்ளியில் அதுவும் கிடையாது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பள்ளி வாசலில் நின்று கேள்வி கேட்கவே கூச்சப்படுகிறவர்கள். தாங்களாக வந்து கேட்பார்கள் என்று அவர்களுக்காகக் காத்திருக்க முடியாது.

சட்டம் சொல்வது

பெற்றோருக்கு விவரம் சொல்வது ஆசிரியர் விருப்பப்பட்டுச் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதைக் கடமையாகவே எழுதியிருக்கிறது. ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடும் 24-ஆவது பிரிவில், பெற்றோரைச் சீராகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், குழந்தை பற்றிய பிற தகவல்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது.

குழு கூடும்போது வருகிறவர்கள் சிலர். நூறு நாள் வேலைக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் மதியம் நடக்கும் கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கூட்டத்துக்கு வர முடியாத வீட்டுக்குச் செய்திதான் போக வேண்டும்.

ஒரு வரி என்ன செய்துவிடும்?

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பாடத்தில் தேறாமல் கோடை வகுப்பில் மறுபடி படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்கு வாரம் ஒரு வரி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அந்தந்தப் பிள்ளையைப் பற்றி அவர்களுடைய ஆசிரியரே எழுதிய ஒற்றை வரி. அப்படிச் செய்தி போகாத மாணவர்களில் 100-க்கு ஏறத்தாழ 16 பேர் தேறாமல் போனார்கள். செய்தி போன வீட்டுப் பிள்ளைகளில் அது 9 பேராகக் குறைந்தது. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது. "நன்றாகப் படிக்கிறான்" என்ற பாராட்டைவிட, "இரண்டு வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது, முடித்தால் தேறிவிடுவான்" என்பதுபோல எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன வரிகள் கூடுதலாக உதவியதாகவும் அதில் தெரிந்தது.

அவர்கள் வளர்ந்த பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்கு நெருக்கமான பாடம் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து கிடைக்கிறது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, நோம் ஆங்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மன் முதலானோர் 3 முதல் 5-ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள் உள்ள ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் போனது. இன்னொரு பகுதிக்கு அதோடு சேர்த்து இருபது நிமிடம்போல ஒரு போன் பேச்சும் இருந்தது. போனில் பேசிய வீட்டுப் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. எஸ்.எம்.எஸ். மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

நம் வாட்ஸ்அப் குழுக்களை நினைத்துப் பாருங்கள். கல்வித் துறையிலிருந்து வந்த பி.டி.எஃப். அப்படியே முன்னனுப்பப்படுகிறது. நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுகிறார்கள். செய்தி போய்விட்டது என்று பள்ளி நிம்மதி அடைகிறது. அந்த பி.டி.எஃபைத் திறந்தவர் எத்தனை பேர், திறந்தவரில் புரிந்துகொண்டவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

என்ன சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு வரியையும் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? விடை இல்லையென்றால் அந்த வரி தேவையில்லை.

"மூன்றாம் வகுப்பில் கழித்தல் நடத்தப்பட்டது" என்று சொன்னால் வீட்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது. "கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குப் போடுகிறோம், கடைக்குப் போகும்போது 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள்" என்றால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அன்று மாலையே கேட்டுவிடுவார். சில்லறைக் கணக்கில் நம் பாட்டிகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவர இது நல்ல வழி.

பள்ளிக்குள் புழங்கும் சொற்களை வீட்டுக்குப் போகும் முன் பிரித்துச் சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகிறார்கள். அழகான பெயர்கள், ஆசிரியருக்குத் தெளிவான பொருள் உள்ளவை. ஆனால் "உங்கள் பையன் மொட்டு நிலையில் இருக்கிறான்" என்றால் அப்பாவுக்கு என்ன புரியும்? "சின்னச் சொற்களைப் படிக்கிறான், முழு வாக்கியம் வரும்போது தடுமாறுகிறான், ராத்திரி ஐந்து நிமிடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்" என்றால் புரியும். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற பெயர்களுக்கும் இதே கதிதான். முதலாவது, வகுப்பு நடக்கும்போதே அவ்வப்போது பார்ப்பது; இரண்டாவது, பருவ முடிவில் வைக்கும் தேர்வு என்று ஒருமுறை விளக்கிவிட்டால் அந்த ஆண்டு முழுவதற்கும் போதும்.

உணவு, உடல்நலம் பற்றிய செய்திகளுக்கு முன்கூட்டியே இடம் தர வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டாமல் போகிறார். உள்ளூர் விடுமுறை என்பது அவருக்கு முந்தின நாள் மாலையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை பூட்டிய பள்ளி வாசலில் பசியோடு நிற்கும்.

குடற்புழு நீக்க மாத்திரை இன்னொன்று. தேசிய அளவில் இதற்கான நாட்கள் பிப்ரவரி 10-உம் ஆகஸ்டு 10-உம். மாநிலங்களில் தேதி முன்பின்னாக மாறும். மென்று தின்னும் அல்பெண்டசோல் மாத்திரை, 400 மில்லிகிராம். வயிற்றில் பூச்சி அதிகம் உள்ள பிள்ளைக்கு மாத்திரை போட்டபின் லேசான வயிற்று வலியோ குமட்டலோ வரலாம். பொதுவாகச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று கொடுப்பதில்லை. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம்போலக் கழித்து மறுபடி கொடுக்கிறார்கள். இவ்வளவையும் முந்தின வாரமே சொல்லிவிட்டால் வீடு தயாராக இருக்கும். சொல்லாமல் விட்டால், இரண்டு பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்றதும் ஊரே பள்ளி முன்னால் திரண்டுவிடும். அந்தக் கூட்டத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. என்ன மாத்திரை, எதற்காக என்று தெரியாதபோது எந்தத் தாய்க்கும் பயம் வரத்தான் செய்யும்.

பள்ளிக்கு என்ன வேண்டும் என்பது கடைசியில், ஒரு வரியில் போதும். அதுவும் ஆதார் நகல், வருமானச் சான்று என்பதாகவே எல்லா வாரமும் இருக்கக் கூடாது. பழைய காலண்டர் அட்டை, புளியங்கொட்டை, தாத்தாவுக்குத் தெரிந்த ஒரு விடுகதை என்று கேட்டுப் பாருங்கள். ஏழை வீட்டாலும் தர முடிந்த ஒன்றைக் கேட்கும்போது அந்த வீடு தலை நிமிர்ந்து தருகிறது.

ஒரு மாதிரி

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் வெள்ளிக்கிழமை மாலை போனில் பேசிப் பதிந்து அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம்மா, வணக்கம்ப்பா. மூணாங்கிளாஸ் டீச்சர் பேசுறேன். இந்த வாரம் பிள்ளைங்க கடன் வாங்கிக் கழிக்கிற கணக்குப் போட்டாங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போறப்ப, அம்பது ரூபா குடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினா மீதி எவ்வளவுன்னு கேளுங்க. தப்பாச் சொன்னா திட்ட வேண்டாம், சில்லறையை எண்ண விடுங்க. தமிழ்ல ஒரு கதையைப் படிச்சிட்டு அதோட முடிவை மாத்தி எழுதினாங்க. சாப்பிடும்போது அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்க. வர்ற செவ்வாய்க்கிழமை பூச்சி மாத்திரை குடுப்பாங்க. காய்ச்சல், சளி இருந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வியாழக்கிழமை உள்ளூர் விடுமுறை, காலை டிபனும் மதியச் சாப்பாடும் அன்னைக்கு இருக்காது. பழைய காலண்டர் அட்டை இருந்தா குடுத்துவிடுங்க, எண் அட்டை செய்யப் போறோம். ஏதாவது கேக்கணும்னா நீங்களும் இதே மாதிரி பேசி அனுப்புங்க."

ஒரு நிமிடத்துக்குள் பேசி முடித்துவிடலாம். கற்றது, வீட்டில் செய்ய வேண்டியது, வரப்போவது, பள்ளிக்கு வேண்டியது என்ற வரிசையை வாரா வாரம் மாற்றாமல் வைத்துக்கொண்டால் கேட்பவருக்கும் பழகிவிடும், பேசுபவருக்கும் யோசனை குறையும். தூய எழுத்துத் தமிழில் வாசிக்க வேண்டாம். வகுப்பு வாசலில் நின்று பேசும் பேச்சே போதும்.

வீடு வரை போய்ச் சேர வேண்டும்

பேசிப் பதிந்த செய்தியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும் என்பதுதான். பிள்ளையின் டீச்சர் குரல் வீட்டில் கேட்கும்போது பிள்ளையும் ஓடி வந்து கேட்கும். ஆனாலும் எல்லா வீட்டிலும் ஸ்மார்ட்போன் இல்லை. இருக்கும் ஒன்றும் அப்பாவின் சட்டைப் பையில் வெளியூரில் இருக்கலாம். வகுப்பில் எந்த வீட்டில் யாரிடம் எந்த போன் இருக்கிறது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் முதல் வேலை. பாட்டி வளர்க்கும் பிள்ளைக்குப் பாட்டியின் எண்தான் வேண்டும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அப்பாவின் எண்ணோடு நிறுத்திக்கொண்டால் பூச்சி மாத்திரைச் செய்தி அந்த வீட்டுக்குள் வராது.

பட்டன் போன் வீடுகளுக்கு இரண்டு வழி. ஒன்று, வகுப்புப் பிள்ளைகளே அந்தச் செய்தியை நான்கு வரியில் நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் வாசித்துக் காட்டுவது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இதைச் செய்தால் எழுத்துப் பயிற்சியாகவும் ஆகிறது. முதல் இரண்டு வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் எழுதித் தரலாம். ஜப்பானில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தொடர்பு நோட்டைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம். பெற்றோர் அதில் திரும்ப எழுதுவார்கள். இரண்டாவது வழி, பள்ளி வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒரு பலகை. பெரிய எழுத்தில், ஐந்து வரிக்கு மேல் போகாமல், தேதி போட்டு எழுத வேண்டும். போன மாதத்துச் செய்தி அழியாமல் இருக்கும் பலகையை மக்கள் ஒரு முறைக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் எங்கே என்ற கேள்வி சரியானது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவேற்றம், வருகைப் பதிவு, பயிற்சி, சத்துணவுக் கணக்கு என்று ஏற்கனவே தலைக்குமேல் வேலை இருக்கிறது. அதனால்தான் ஒரு நிமிடப் பேச்சு என்கிறேன். படம் வரைந்து, வண்ணம் சேர்த்து, செய்திமடல் தயாரிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் மாதம் அழகாக வரும், மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

அதோடு ஒன்று சேர்க்கலாம். வாரம் ஐந்து வீட்டுக்கு மட்டும் போன். வகுப்பில் 25 பிள்ளைகள் என்றால் ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பல முறை வந்துவிடும். ஐந்து நிமிடப் பேச்சு போதும். முதலில் பிள்ளை செய்த நல்லது ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பிறகு திருத்த வேண்டியது ஒன்று. பிறகு, "வீட்டில் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ராத்திரி தூங்குவதில்லை, அப்பா குடித்துவிட்டு வருகிறார், கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்பவை இப்படிப்பட்ட பேச்சில்தான் வெளிவரும். போட்ஸ்வானாவில் போன் பேசிய வீடுகள் முன்னேறியதற்கு, மறுமுனையில் கேட்கும் ஆள் இருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் பல பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் பிடிபட்டுவிட்ட பிள்ளை வகுப்பிலேயே ஒன்றிரண்டு இருக்கும். அதே செய்தியை அந்தப் பிள்ளையைத் தன் மொழியில் பேசச் சொல்லிப் பதிந்து அனுப்பலாம். மாத்திரை, விடுமுறை போன்றவற்றைப் பெரியவர் ஒருவரிடம் சரிபார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

சொல்லக் கூடாதவை

வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் போடக் கூடாது. யார் படிக்கவில்லை, யார் குளிக்காமல் வந்தார்கள், யார் மூன்று நாள் வரவில்லை என்ற பெயர்ப் பட்டியல் கூடவே கூடாது. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பிள்ளையின் பெயர் அப்படி வெளியே வந்தால் அடுத்த நாள் கிணற்றடியில் அதன் தாய் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவற்றை அந்த வீட்டாரிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஆள் இரவில் அழைக்கிறான் என்று சில தாய்மார்கள் குழுவிலிருந்து விலகிவிடுவது இதனால்தான். ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியரின் எண்ணைப் பெற்றோர் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் அது வந்து சேரும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை அனுப்பும் முன் வீட்டாரிடம் சம்மதம் கேட்பதும் அவசியம். பிள்ளை எழுதிய நோட்டின் படம், செய்த களிமண் மாட்டின் படம் போதுமே.

பெற்றோர் செய்ய வேண்டியது

செய்தி வந்தால் பதில் சொல்லுங்கள். கைகூப்பும் படம் வேண்டாம். "கேட்டேன் டீச்சர், பதினெட்டுன்னு சொல்லிட்டான்" என்று ஒரு வரி. அடுத்த வாரம் அந்த ஆசிரியர் சலிக்காமல் பேசுவதற்கு அது உதவும். எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். செய்தியில் வந்த கதையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், வாய் திறக்கும்.

இப்படி எதுவும் வராத பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், வருத்தப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் தெருவைச் சேர்ந்த பெற்றோர் யார் என்று விசாரியுங்கள். அடுத்த கூட்டத்தில், வாரம் ஒரு செய்தி வேண்டும் என்பதைப் பேச்சோடு விடாமல் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். செய்தியைப் பதிந்து அனுப்ப, பலகையில் எழுத, குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் உதவிக்கு வரட்டும்; இதில் அவர்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் கேட்டும் விவரம் கிடைக்காத விஷயம் என்றால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழைத்துக் கேட்கலாம்.